விட்ட எடத்துலேர்ந்து தொடராது

எஸ்பிசிஎல்-ல (காமன் லிஸ்ப் மொழிக்கான ஒரு கம்பைலர்) சேவ்-லிஸ்ப்-அண்ட்-டை (மெமரில இருக்கறத ஃபைலா சேவ் பண்ணிட்டு வெளிய போற கமாண்டு) போட்டா ஓடிட்டிருக்கிற ப்ரோக்ராம் அப்படியே உறைஞ்சு, வர்ற எக்ஸிக்யூட்டபிள (நேரா ஓட்டக்கூடிய ஃபைல) ஓட்டினா விட்ட எடத்துலேர்ந்து தொடரும்னு ஒருத்தர் சொல்லியிருக்கார். அப்படி இல்லங்க. ஹீப்ல (டேட்டா வச்சிருக்கிற மெமரி) இருக்கிற வேரியபிள், ஃபங்க்ஷன் எல்லாம் ஃபைலுக்குள்ள போயிடும், ஆனா ஸ்டாக்க (எந்த ஃபங்க்ஷன் எங்க ஓடிட்டிருக்குன்னு குறிச்சு வச்சிருக்கிற எடம்) அவிழ்த்துட்டுத்தான் சேவ் பண்ணும், அதனால புது ஃபைல் டாப்லெவல் ஃபங்க்ஷன்லேர்ந்துதான் (ஃபைல ஓட்டினதும் மொதல்ல கூப்பிடுறது) ஆரம்பிக்கும், தெறந்து வச்ச சாக்கெட்லாம் (நெட்வொர்க் இணைப்பு) போச்சு.

சந்தேகம்னா ஒரு வேரியபிளுக்கு 42 குடுத்து, எக்ஸிக்யூட்டபிள் ஆப்ஷனோட சேவ் பண்ணி ஓட்டிப் பாருங்க, 42 இருக்கும். அடுத்து 100 செகண்ட் தூங்குற த்ரெட் (ப்ரோக்ராமுக்குள்ளயே பக்கத்துல தனியா ஓடுற வேலை) ஒண்ண கெளப்பிவிட்டுட்டு சேவ் குடுங்க, பல த்ரெட் ஓடுறப்ப முடியாதுன்னு எர்ரர் அடிச்சு நின்னுடும். (வெறும் டெர்மினல்ல பண்ணுங்க, ஸ்லைம்ல (ஈமேக்ஸ் எடிட்டருக்குள்ள லிஸ்ப் எழுதுற கருவி) பண்ணா அதோட த்ரெட்டே குறுக்க நிக்கும்.)