ஆங்கர் பீரின் செய்முறை ஜப்பானுக்குப் போய்விட்டதா?

சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் மதுவடிப்பாலை பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. 127 ஆண்டுகளாக ஒருநாளும் நிற்காத ஆலையை சப்போரோ என்ற ஜப்பானிய பீர் நிறுவனம் மூடி, செய்முறைகளை ஜப்பானுக்குக் கொண்டுபோய்விட்டதாம்.

மூடியது உண்மை. 2017இல் ஆலையை வாங்கிய சப்போரோவின் காலத்தில், 2023 ஜூலையில் மூடல் அறிவிப்பு வந்தது. கொரோனா பாதிப்பு, விலைவாசி, கடும் போட்டி ஆகியவை காரணமாகச் சொல்லப்பட்டன. மற்றவை தவறு. 2024 மே மாதம் சோபானி தயிர் நிறுவனர் ஹம்தி உலுகாயா பெயர், செய்முறைகள், கருவிகள், கட்டடம் எல்லாவற்றையும் வாங்கினார். அவரது அறிவிப்பிலும் அந்நாளைய சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழ்ச் செய்தியிலும் இதைச் சரிபார்க்கலாம்.

'ஒருநாளும் நிற்காத' என்பதும் பொய். 1906 நிலநடுக்கத்தை அடுத்த தீயில் ஆலை அழிந்தது. அமெரிக்காவின் மதுவிலக்குக் காலத்தில் மூடிக்கிடந்தது. 1959இலும் சிறிது காலம் நின்றது. 1965இல் பிரிட்ஸ் மேடாக் ஆலையை வாங்கிக் கைகொடுத்திராவிட்டால், ஆங்கரின் அடையாளமான ஸ்டீம் பீர் அன்றே மறைந்திருக்கும். வழக்கமாகக் குளிரில் நொதிக்கும் லாகர் வகை பீருக்கான ஈஸ்ட்டை வழக்கத்தைவிட வெதுவெதுப்பாக, ஆழமில்லாத திறந்த தொட்டிகளில் நொதிக்கவிடும் அருமையான முறையில் உருவாவது அந்த பீர். பீருக்கு மணமூட்டும் ஹாப்ஸ் பூக்களில் கேஸ்கேட் வகை மணக்கும் லிபர்ட்டி ஏல், ஆண்டுதோறும் செய்முறை மாறும் கிறிஸ்துமஸ் ஏல் ஆகிய இரண்டு பீர்களும் 1975இல் மேடாக் தொடங்கியவை.

வேலையிழந்த தொழிலாளர்களின் வேதனை நிஜம். அதன்மேல் பொய்யை ஏற்ற வேண்டாம். அந்தச் செய்தியைப் பகிர்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.