ஜெலினோ அடிகளாரின் மெட்டுகள் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முந்தியவை
பிரெஞ்சு இயேசு சபைத் தந்தை ஜோசப் ஜெலினோ (1920–2008), கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் அனுமதித்த பிறகுதான் மக்கள் மொழியில் இசையமைக்கத் தொடங்கினார் என்று அவரைப் பற்றிய கட்டுரை ஒன்றில் இருப்பது சரியில்லை. விவிலியத் திருப்பாடல்களுக்கு (சங்கீதங்களுக்கு) அவர் அமைத்த பிரெஞ்சு மெட்டுகள் 1953இலேயே அச்சில் வந்துவிட்டன. திருவழிபாடு பற்றிய சங்க ஏடு வந்ததோ 1963 டிசம்பர் 4 அன்று. திருப்பலி முழுக்க லத்தீனில் நடந்த காலத்தில் இறங்கிச் செய்த வேலை அது. எருசலேம் விவிலியம் என்ற பிரெஞ்சு விவிலியத்தின் திருப்பாடல் மொழிபெயர்ப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. எபிரேய வரியில் எத்தனை அழுத்தமோ அத்தனையே பிரெஞ்சிலும் வர வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். அதன் அருமை எனக்குப் புரிந்தது பாரிஸ் புறநகரில் எங்கள் பங்குக் கோவிலின் பாடகர் குழுவில் சேர்ந்த முதல் வாரத்தில். ‘ஆண்டவரே என் ஆயர்’ திருப்பாடலை அவர் மெட்டில் பாடச் சொன்னார்கள். அரைகுறை பிரெஞ்சில் ஒவ்வொரு அசையாக எண்ணி, வரிக்கு வரி பின்தங்கினேன். பக்கத்தில் நின்ற வயதான அம்மா என் பாட்டுத்தாளின் ஓரத்தில் விரலால் மெல்லத் தட்டிக்காட்டினார். அழுத்தம் விழும் அசை தட்டில் வந்தால் போதும், இடையில் ஒரு அசையோ மூன்றோ, தானாக அடங்கிவிடுகிறது. மூன்றாவது கண்ணியில் நானும் சேர்ந்துவிட்டேன். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் ஜெலினோவைக் ‘கிரகோரியன் இசையை (திருச்சபையின் பழைய லத்தீன் வழிபாட்டு இசையை) அழித்தவர்’ என்று எழுதியிருக்கிறார். அது அநியாயம். ஒருவர் வரிகளைப் பாட, சபை முழுவதும் பல்லவியைத் திருப்பிப் பாடுவது ஆதித் திருச்சபையின் வழக்கம். அதைத்தான் அவர் மக்கள் வாய்க்குத் திரும்பக் கொண்டுவந்தார்.