பள்ளியில் வீடியோ சொல்லிக்கொடுக்கப் போகிற தம்பி தங்கச்சிகளுக்கு

ஜூன் நெருங்கினால் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) முடித்தவர்கள் யாராவது போன் செய்வார்கள். "அண்ணே, ஸ்கூல்ல வீடியோ கிளாஸ் எடுக்கலாம்னு இருக்கேன், சரியா வருமா?" வரும். கல்யாண வீடியோவில் இருந்து இந்தப் பக்கம் வந்தவன் நான், இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சேருவதற்கு முன்னால் தாளாளரிடம் ஒன்றைப் பேசி முடித்துவிடுங்கள். உங்களை எடுப்பது பிள்ளைகளுக்குப் படமெடுக்கக் கற்றுக்கொடுக்கவா, பள்ளிக்கு விளம்பரம் எடுத்துக்கொடுக்கவா?

நம்ம ஊரைச் சுற்றி நான் பார்த்தவரை, முதலாவதைச் சொல்லி எடுத்து இரண்டாவதைச் செய்யவைக்கிற இடங்கள்தான் அதிகம். சேர்ந்த கொஞ்ச நாளில் சுதந்திர தினத்துக்கு ஒரு ரீல் கேட்பார்கள். அப்புறம் விளையாட்டு விழா, ஆண்டு விழா, கடைசியில் அட்மிஷன் வீடியோ. நடுவில் உங்கள் பீரியடைக் கணக்கு சார் ரிவிஷனுக்கு வாங்கிக்கொள்வார். பிள்ளைகள் உங்களோடு ட்ரைபாட் தூக்கிக்கொண்டு வருவார்கள், அதையே "பிராக்டிகல்" என்று ரிப்போர்ட்டில் எழுதச் சொல்வார்கள். ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஏழாம் வகுப்புப் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு. பெற்றோர் ஃபீஸ் கட்டுவது அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளட்டும் என்றுதான்.

அதனால் டைம்டேபிளில் வாரம் இரண்டு பீரியட், அதுவும் சேர்ந்தாற்போல, எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாற்பது நிமிஷத்தில் ஒரு ஷாட் வைத்து, எடுத்ததைப் போட்டுப் பார்த்து, பேசி முடிக்க முடியாது. விழா வீடியோ வேண்டுமென்றால் அதற்குத் தனிச் சம்பளம், தனி நேரம். இதைக் கேட்கக் கூச்சப்பட்டால் வருஷம் முழுக்க அல்லாடுவீர்கள்.

அரசுப் பள்ளியில் போஸ்டிங் வருமா என்றும் கேட்கிறார்கள். ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர் என்று எடுத்தது உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் போன்றவற்றுக்குத்தான். 2012-இல் மாதம் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்த பகுதிநேர ஆசிரியர்கள் பணி நிரந்தரம் கேட்டு எத்தனை போராட்டம் நடத்தினார்கள் என்று தெரியும். அந்தக் கதவு நமக்குச் சீக்கிரம் திறக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆனால் 2022-இல் பள்ளிக்கல்வித் துறை சிறார் திரைப்பட விழாவைத் தொடங்கியதில் இருந்து அரசுப் பள்ளிகளில் படம் போட்டு, அதைப் பற்றிப் பிள்ளைகளைப் பேசவைக்கிற வழக்கம் வந்திருக்கிறது. ஹெச்.எம். ஒத்துக்கொண்டால் அந்த நாளில் போய் ஒரு மணி நேரம் எடுக்கலாம். சிபிஎஸ்இ பக்கம் மல்டிமீடியா, மாஸ் மீடியா ஸ்டடீஸ் இரண்டும் திறன் பாடங்களாகவே இருக்கின்றன. பள்ளி அதை எடுத்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். எடுத்திருந்தால் உங்கள் பீரியடை யாரும் பிடுங்க முடியாது, மார்க் உள்ள பாடம்.

இனி வகுப்புக்கு வருவோம். கேமரா வாங்கித்தரச் சொல்லிக் கேட்காதீர்கள். சிம் இல்லாத நாலைந்து போன், இரண்டு ட்ரைபாட், ஒரு காலர் மைக் இருந்தால் போதும். பிள்ளைகள் போன் கொண்டுவரப் பள்ளிகள் விடாது, விடவும் வேண்டாம். எடிட்டிங்குக்கு இலவசமாகக் கிடைக்கிற டாவின்சி ரிசால்வ் இருக்கிறது, ஆனால் பள்ளி லேப் கம்ப்யூட்டர் அதைத் தாங்காது. கேடென்லைவ் போட்டுப் பாருங்கள்.

முதல் வகுப்பில் ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம், ஃபேனைப் போட்டு ஒரு நிமிஷம் ஒலிப்பதிவு செய்து ஹெட்போனில் கேட்கவிடுங்கள். மதுரை வெயிலில் ஃபேனை நிறுத்தினால் வகுப்பே கத்தும், பரவாயில்லை. தினமும் அந்தச் சத்தத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடிப்பார்கள். அடுத்து டியூப்லைட். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா வெளிச்சத்தை உள்ளே விடுகிற நேரத்தை, வேகமாக வைத்தால் திரையில் கறுப்புப் பட்டை ஓடும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட் விநாடிக்கு நூறு தடவை மங்கி எரிகிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100-க்குக் கொண்டுவந்தால் பட்டை போய்விடும். இதைச் செய்துகாட்டும்போது இயற்பியல் ஆசிரியரைக் கூப்பிட்டு விளக்கச் சொல்லுங்கள். ஸ்டாஃப் ரூமில் உங்களுக்கு ஒரு ஆள் கிடைத்துவிடும், அது சாதாரண விஷயம் இல்லை.

என் வகுப்புப் பிள்ளைகளை மதுரைக்குப் பக்கத்தில் இருக்கிற விளாச்சேரிக்கு அழைத்துப்போனேன். அங்கே மண்பொம்மை செய்கிற குடும்பங்கள் இருப்பது தெரிந்திருக்கும். ஒரு பெரியவர் கொலு பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் நின்ற இடத்தில் இருந்தே ஜூம் செய்தான், படம் புள்ளி புள்ளியாக வந்தது. "கிட்டே போடா" என்றேன். போய் உட்கார்ந்து ஃபிரேம் வைப்பதற்குள் தூரிகை இடது கண்ணை முடித்து வலது கண்ணுக்குப் போய்விட்டது. "தாத்தா, இன்னொரு தடவ வரைங்க" என்றான். அவர் நிமிராமலே சொன்னார்: "ஒரு பொம்மைக்குக் கண்ணு ஒரு தடவதான்யா. அடுத்த பொம்மைக்கு ரெடியா இரு." அடுத்த பொம்மையை அவர் கையில் எடுப்பதற்கு முன்பே இவன் ரெக்கார்ட் பட்டனை அழுத்தியிருந்தான். தூரிகை, கண், பெரியவர் மூச்சை அடக்குவது எல்லாம் அந்த ஷாட்டில் இருந்தது. ஆண்டு விழா மேடையை வருஷம் பூராவும் எடுத்தாலும் அவனுக்கு இது வந்திருக்காது.

பள்ளி நிர்வாகம் அந்த வீடியோவைத் தன் இணையப் பக்கத்தில் போட வேண்டும் என்று கேட்டது. அந்தப் பெரியவரிடமும் பிள்ளைகளின் வீட்டிலும் கேட்டுவிட்டுப் போடலாம் என்றேன். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள், ஒரு பெண்பிள்ளையின் முகம் முன்பின் தெரியாதவர்கள் போனிலெல்லாம் சுற்றினால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? ஃபுட்டேஜ் பள்ளி ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும், உங்கள் போனில் ஒன்றுகூட வேண்டாம்.

காசு விஷயம். பள்ளிச் சம்பளத்தை மட்டும் நம்பிக் கல்யாண வேலையை உடனே விட்டுவிடாதீர்கள். ஆடி, மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, பள்ளி நடக்கும். மே மாதம் பள்ளி கிடையாது, வைகாசி முகூர்த்தங்கள் வரும். இரண்டும் ஓரளவு ஒத்துப்போகும். மூன்று பள்ளிகளில் பள்ளிக்கு வாரம் ஒரு நாள் என்று பிடித்தால் ஒரே பள்ளியில் மாட்டிக்கொள்வதைவிட மரியாதையும் நன்றாக இருக்கும்.

இண்டர்வியூவுக்குப் போகும்போது நீங்கள் எடுத்த கல்யாண ஷோரீலைக் காட்டாதீர்கள், உடனே அவர்களுக்கு ஆண்டு விழாதான் ஞாபகம் வரும். தெருப் பிள்ளைகள் நாலு பேரை வைத்து அவர்களே எடுத்த இரண்டு நிமிஷப் படம் ஒன்றைக் காட்டுங்கள். ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. என் பாடத்திட்டமும் பெற்றோர் சம்மதக் கடிதமும் தமிழிலேயே இருக்கின்றன. வேண்டுமென்பவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன்.