சர்வரை மாற்றும் முன் ஃபோல்டரைச் சரிசெய்யுங்கள்

வீட்டில் ஒரு மினி பிசியிலோ பழைய கம்ப்யூட்டரிலோ படம், பாட்டு, குடும்ப வீடியோ எல்லாவற்றையும் போட்டு வைத்து டிவியிலும் போனிலும் பார்ப்பவர்கள் என் நட்புப் பட்டியலில் நிறையப் பேர். கொஞ்ச காலமாக எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: இதற்கான சர்வர் மென்பொருளாக பிளெக்ஸிலேயே இருக்கலாமா, இலவசத் திறந்த மூல மென்பொருளான ஜெல்லிஃபினுக்குப் போகலாமா? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் சேகரிப்பை, எந்த சர்வரின் உதவியும் இல்லாமல் யார் பார்த்தாலும் இது என்ன படம், என்ன வீடியோ என்று புரியும்படி அடுக்குங்கள். அதைச் செய்துவிட்டால் சர்வரை மாற்றுவது ஒரு சாயங்கால வேலை. செய்யாவிட்டால் ஒவ்வொரு முறையும் அ, ஆவிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தக் கேள்வி சூடு பிடித்தது 2025 ஏப்ரலில். பிளெக்ஸின் வாழ்நாள் சந்தா 119.99 டாலரிலிருந்து 249.99 டாலர் ஆனது. நம் கணக்கில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். வெளியூரில் இருந்துகொண்டு வீட்டு சர்வரில் உள்ளதைப் பார்ப்பதும் அப்போதுதான் கட்டண வசதியானது. சர்வர் வைத்திருப்பவரிடம் சந்தா இருக்க வேண்டும், அல்லது பார்ப்பவர் மாதம் 1.99 டாலர் கட்ட வேண்டும். வீட்டு வைஃபைக்குள் பார்ப்பது இன்னும் இலவசம்தான். போன் செயலிக்கு முன்பு கேட்ட ஒருமுறைக் கட்டணத்தையும் அப்போதே எடுத்துவிட்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

காசு கேட்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு நிறுவனம் சம்பளம் கொடுத்து ஆள் வைத்து மென்பொருள் எழுதினால் விலை வைக்கத்தான் செய்யும். என் தயக்கம் வேறு இடத்தில். வட்டு என்னுடையது, கம்ப்யூட்டர் என்னுடையது, மின் கட்டணம் கட்டுவதும் நான். அப்படியிருக்க, என் வீட்டு டிவியில் புதிதாக உள்நுழைய அந்த நிறுவனத்தின் கணக்கு எதற்கு? 2022 ஆகஸ்டிலும் 2025 செப்டம்பரிலும் பிளெக்ஸ் பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளும், ஹேஷ் செய்யப்பட்ட (நேரடியாகப் படிக்க முடியாதபடி மாற்றிய) கடவுச்சொற்களும் வெளியாள் கைக்குப் போயின. இரண்டு முறையும் எல்லோரையும் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னார்கள். பக்கத்து அறையில் இருக்கும் பெட்டியைத் திறக்கும் சாவி கடல் தாண்டி எங்கேயோ இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஜெல்லிஃபினில் பயனர் கணக்கு உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும். எனக்கு அதுவே போதுமான காரணம்.

எம்பி (Emby) என்ற இன்னொரு சர்வரைப் பற்றியும் கேட்கிறார்கள். நல்ல மென்பொருள். ஆனால் 2018 டிசம்பரில் அவர்கள் மூல நிரலை மூடியபோது, அதற்கு முந்தைய 3.5.2 பதிப்பை எடுத்துத் தன்னார்வலர்கள் கிளையாகத் தொடங்கியதுதான் ஜெல்லிஃபின். பிளெக்ஸுமே எக்ஸ்பிஎம்சி என்ற திறந்த மூலத் திட்டத்திலிருந்து பிரிந்து வந்ததுதான். அந்த எக்ஸ்பிஎம்சி இன்று 'கோடி' (Kodi) என்ற பெயரில் இருக்கிறது. இந்த உலகில் திறப்பதும் மூடுவதும் பிரிவதும் நடந்துகொண்டே இருக்கும். அதனால்தான் சர்வரை விட ஃபோல்டரைப் பற்றி அதிகம் பேசுகிறேன்.

சரி, ஃபோல்டருக்கு வருவோம். படத்துக்கு ஒரு ஃபோல்டர், அதில் பெயரும் வருடமும். நம் ஊரில் வருடம் கட்டாயம் வேண்டும். 'பில்லா' என்று மட்டும் இருந்தால் 1980இல் ரஜினி நடித்ததா, 2007இல் அஜித் நடித்ததா என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? 'பில்லா (1980)' என்று வைத்தால் எல்லா சர்வருக்கும் புரியும். பழைய படங்களில் அப்படியும் குழம்பினால் டிஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளம் அந்தப் படத்துக்குக் கொடுத்திருக்கும் எண்ணைச் சேர்க்கலாம். ஆனால் பிளெக்ஸ் அதை நெளி அடைப்புக்குறிக்குள் கேட்கும், ஜெல்லிஃபின் சதுர அடைப்புக்குறிக்குள் கேட்கும். எனவே எல்லாப் படத்துக்கும் எண் போட்டுக்கொண்டிருக்காமல், குழம்புகிறவற்றுக்கு மட்டும் போடுங்கள்.

குடும்ப வீடியோதான் உண்மையில் உழைப்பு கேட்கும் இடம். நம்மில் பலர் வீட்டில் விஎச்எஸ் கேசட்டிலிருந்து ஸ்டுடியோக்காரர் மாற்றிக் கொடுத்த கல்யாண டிவிடி இருக்கும். அதை அப்படியே காப்பி எடுத்தால் ஒரு ஃபோல்டருக்குள் வரிசையாக ஒரு ஜிபி, ஒரு ஜிபியாக விஓபி என்ற டிவிடி வீடியோ ஃபைல்கள் வரும். சடங்குக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு ஃபைல் முடியும், தாலி கட்டுவது அடுத்ததில் இருக்கும். பிளெக்ஸ் இந்த டிவிடி ஃபோல்டர்களை எடுத்துக்கொள்ளாது. ஜெல்லிஃபின் எடுத்துக்கொள்ளும், ஆனாலும் நான் அதை நம்பி விடச் சொல்லமாட்டேன். மேக்எம்கேவி என்ற மென்பொருள் கொண்டு ஒரே எம்கேவி வீடியோ ஃபைலாக மாற்றுங்கள். தரம் ஒரு துளியும் குறையாது, படத்தை மறுபடி அமுக்குவதில்லை, உறையை மட்டும்தான் மாற்றுகிறது. பக்கத்திலேயே ஒரு என்எஃப்ஓ ஃபைல் வையுங்கள். நோட்பேடில் திறக்கிற எழுத்துக் கோப்புதான் அது, எக்ஸ்எம்எல் என்ற குறி வடிவத்தில் இருக்கும். எந்த வருடம், எந்த மண்டபம், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது யார் யார் என்று அதில் எழுதலாம். ஜெல்லிஃபினும் எம்பியும் கோடியும் அதைப் படிக்கும். சினிமா விவரத்தை எந்தத் தளத்திலிருந்தும் திரும்ப எடுக்கலாம். பெரியப்பா பக்கத்தில் நிற்பவர் யார் என்பதை எந்தத் தளமும் சொல்லாது. சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே உட்கார்ந்து எழுதிவிடுங்கள்.

அப்புறம், பார்த்த கணக்கு. எங்கள் வீட்டில் சர்வரை மாற்றப்போகிறேன் என்றதும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "நேத்து விட்ட இடத்துலேருந்து வருமா?" சரியான கேள்வி. எந்தப் படம் எதுவரை பார்த்தோம் என்ற விவரம் சர்வரின் தரவுத்தளத்துக்குள் இருக்கிறது, ஃபோல்டரோடு வராது. இதற்கென்றே வாட்ச்ஸ்டேட், ஜெல்லிபிளெக்ஸ் வாட்ச்டு என்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. முதலாவது, படத்தின் டிஎம்டிபி, ஐஎம்டிபி எண்களை வைத்துப் பொருத்துகிறது, ஆகவே எண்ணே இல்லாத வீட்டு வீடியோவுக்கு உதவாது. இரண்டாவது ஃபைல் பெயரை வைத்தும் பொருத்தும். இரண்டு சர்வரும் ஒரே நேரத்தில் ஓடும்போது இதைச் செய்வது எளிது. ஆகவே பழையதை உடனே அழிக்காதீர்கள். ஒரே ஃபோல்டரை இரண்டுக்கும் காட்டலாம். ஆரம்பத்தில் ஜெல்லிஃபினுக்கு படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். எல்லாம் சரியாகப் பொருந்திய பிறகு, என்எஃப்ஓ எழுத அனுமதி கொடுக்கலாம்.

வன்பொருளில் ஜெல்லிஃபினுக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. இன்டெல் என்100 மாதிரி சின்ன சிப்பில்கூட, வீடியோவை வேகமாக மாற்றும் குயிக்சிங்க் என்ற பகுதி இருக்கிறது. அதைக் கொண்டு டிரான்ஸ்கோடிங் (வீடியோவை டிவிக்கு ஏற்ற வடிவத்துக்கு அப்போதே மாற்றுவது) செய்ய பிளெக்ஸிலும் எம்பியிலும் சந்தா வேண்டும், ஜெல்லிஃபினில் வேண்டாம். டிவியில் படம் திக்கினால் ஜெல்லிஃபின் டாஷ்போர்டைத் திறந்து பாருங்கள், டிரான்ஸ்கோடிங் நடந்தால் ஏன் என்ற காரணத்தையே காட்டும். டிடிஎஸ் என்ற ஒலி வடிவத்தை ஏற்காத டிவி என்றால் ஒலியை மட்டும் மாற்றும், அது சிப்புக்கு ஒரு வேலையே இல்லை. டிவிடியில் வரும் சப்டைட்டில் எழுத்தல்ல, படம். பல டிவிகளுக்கு அதைக் காட்சியோடு சேர்த்தே அச்சடித்து அனுப்ப வேண்டியிருக்கும், அதுதான் கனமான வேலை. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வந்தால், ஜெல்லிஃபின் அமைப்பில் மாற்று எழுத்துரு ஃபோல்டர் என்று ஒன்று இருக்கும். அதில் ஒரு தமிழ் எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள்.

குறை இல்லாமல் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பதுதான் பெரிய குறை. நம் ஊர் பிராட்பேண்ட் இணைப்புகள் பலவற்றில் வீட்டுக்கென்று தனிப் பொது ஐபி (இணைய முகவரி) கிடையாது, பல வீடுகள் ஒன்றைப் பகிர்கின்றன. ரவுட்டரில் போர்ட்டை (வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை) திறந்தும் பயனில்லை. பிளெக்ஸில் இதற்கு அவர்களுடைய ரிலே, அதாவது இடையில் நின்று கடத்திவிடும் சர்வர், இருக்கிறது, வேகம் குறைவென்றாலும் படம் ஓடும். ஜெல்லிஃபினில் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் செயலி) ஒன்றை நீங்களே போட வேண்டும். உங்கள் போனில் அது ஐந்து நிமிட வேலை. வெளியூரில் இருக்கும் சித்தி வீட்டு டிவியில் அதைப் போட்டு, அவர்களுக்குப் புரியவைத்து, நின்றுபோனால் போனில் வழிகாட்டுவது வேறு கதை. பழைய விலையில் வாழ்நாள் சந்தா வாங்கி, உறவினர் பத்துப் பேருக்குப் பகிர்ந்து வைத்திருப்பவர் பிளெக்ஸிலேயே இருக்கட்டும். அவரை நான் இழுக்கமாட்டேன். பொது ஐபி இருப்பவர்களும் ஜெல்லிஃபினின் 8096 போர்ட்டை அப்படியே இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள், முன்னால் எச்டிடிபிஎஸ் (மறையாக்கப்பட்ட இணைப்பு) உள்ள ரிவர்ஸ் பிராக்சி என்ற இடைநிலை வாயில் ஒன்று இருக்கட்டும்.

வீட்டுக்குள் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஜெல்லிஃபினின் குயிக் கனெக்ட் வசதியில் டிவியில் ஆறு இலக்க எண் தெரியும், போனில் அதை அடித்தால் டிவி திறந்துவிடும். ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் கடவுச்சொல் அடிக்க வேண்டியதில்லை.

இப்போது மாறுகிறவர்கள் நேராக ஜெல்லிஃபினின் 10.11 பதிப்பு வரிசையில் தொடங்குங்கள். 2025 அக்டோபரில் வந்த அந்தப் பதிப்பில் உள் தரவுத்தளத்தையே மாற்றி அமைத்தார்கள். பழைய ஜெல்லிஃபினை மேம்படுத்துகிறவர்கள் முதலில் சர்வரை நிறுத்தி, அமைப்பு ஃபோல்டரையும் தரவு ஃபோல்டரையும் வேறு வட்டில் நகலெடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பெரிய சேகரிப்பு என்றால் மாற்றம் நெடுநேரம் ஓடும், நடுவில் மின்சாரத்தை நிறுத்திவிடக் கூடாது. யுபிஎஸ் இல்லாத வீடு என்றால் மாதாந்திர மின்தடை நாள் எது என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.