அன்கேரக்டரிஸ்டிக்லி: அழுத்தம் ‘கேர’ல இல்ல, ‘ரிஸ்’ல

சேலத்துல ப்ளஸ் டூ பசங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வர்ட் சுத்துது, ‘அன்கேரக்டரிஸ்டிக்லி’ங்கற (uncharacteristically, வழக்கமான குணத்துக்கு மாறா) இங்கிலீஷ் வார்த்தைல மெயின் ஸ்ட்ரெஸ், அதாவது உச்சரிக்கும்போது விழற முக்கிய அழுத்தம், ‘கேர’ மேலதான், ஏன்னா மூலச் சொல்லோட ஸ்ட்ரெஸ் எப்பவும் நகராதாம். இது தப்புங்க. ஏற்காடு பஸ்ல நேத்து ரெண்டு பசங்க இதையே மனப்பாடம் பண்ணிட்டு வந்தாங்க, மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

‘கேரக்டர்’னு தனியா சொன்னா முதல் அசைலதான் அழுத்தம், சரி. ஆனா ‘இக்’னு முடியற விகுதி சேந்தா அழுத்தம் பெரும்பாலும் அதுக்கு முந்தின அசைக்குத் தாவிடும், ஃபோட்டோகிராஃப்னா ‘ஃபோ’ல இருக்கும், ஃபோட்டோகிராஃபிக்னு சொல்லிப் பாருங்க, ‘கிரா’வுக்குப் போயிடும். அதே மாதிரி இங்க ‘ரிஸ்’ல விழுது. ‘கேர’ல மிச்சம் இருக்கறது ரெண்டாம் நிலை அழுத்தம்தான், காது ஏமாறறது அங்கதான். பின்னாடி வர்ற ‘லி’ எதையும் நகர்த்தாது.

அந்த ஃபார்வர்ட்ல இந்த வார்த்தைக்கு எட்டு அசைன்னும் போட்டிருக்காங்க. இங்கிலீஷ் எழுத்து 20, ஏற்காடு ரோட்டுக் கொண்டை ஊசி வளைவு மாதிரியே, ஆனா பேச்சுல ஏழுதான்: அன்-கே-ரக்-ட-ரிஸ்-டிக்-லி. ஸ்பெல்லிங்ல இருக்கற அந்த ‘ஏ-எல்’ வாய்ல கரைஞ்சுடும், சில அகராதில மட்டும் அடைப்புக்குள்ள லேசா காட்டுவாங்க. ‘இக்’னு முடியற சொல்லுக்கு ‘ஏ-எல்-எல்-ஒய்’ சேக்கறதுதான் வழக்கம், பேசிக்லி, ஆட்டோமேட்டிக்லி எல்லாம் அப்படித்தான். பப்ளிக்லி மாதிரி ஒண்ணு ரெண்டுதான் நேரா ‘எல்-ஒய்’.