தழுவலில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது

1681ஆம் ஆண்டு நஹூம் டேட் என்பவர் ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ நாடகத்தைத் தம் காலத்துப் பார்வையாளர்களுக்காகத் திருத்தி எழுதினார். மூலத்தில் இறுதியில் இறந்துபோகும், லியர் அரசனின் கடைசி மகள் கார்டீலியா அவருடைய பிரதியில் சாவதில்லை. பிரபு ஒருவரின் மகனான எட்கரின் காதலியாகி அவனையே மணக்கிறாள். லியருக்கு அரசு திரும்பக் கிடைக்கிறது. அரசனின் மடமையை முகத்துக்கு நேராகச் சொல்லும் கோமாளியின் பாத்திரம் அடியோடு நீக்கப்பட்டுவிட்டது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆங்கில மேடையில் இந்தத் திருத்தமே கோலோச்சியது. 1838இல் நடிகர் மெக்ரெடி கோமாளியை மீண்டும் மேடையேற்றி ஷேக்ஸ்பியரின் பிரதிக்குத் திரும்பிய பிறகுதான் அதன் ஆட்சி முடிவுக்கு வந்தது.

செவ்வியல் நாடகங்களில் கை வைக்கவே கூடாது என்று வாதிடுவோர் முதலில் எடுத்துக்காட்டுவது இந்த டேட்டைத்தான். அவர் செய்தது பெரும் பிழை என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்தப் பிழை மாற்றியதில் இருக்கிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஷேக்ஸ்பியரே இந்தக் கதையை வேறொரு பழைய நாடகத்திலிருந்து எடுத்தவர். 1605இல் அச்சான அந்நாடகத்தில் அரசன் இழந்த நாட்டைத் திரும்பப் பெறுகிறான். சுபமாக முடிந்த கதையைத் துயரமாக்கியதுதான் ஷேக்ஸ்பியர் செய்த மாற்றம். அவருடைய பிரதியும் ஒன்றாக இல்லை: 1608ஆம் ஆண்டுப் பதிப்பில் நாடகத்தின் கடைசி வரிகளை லியரின் மருமகன் அல்பனி பேசுகிறான், 1623ஆம் ஆண்டுப் பதிப்பில் அவற்றையே எட்கர் பேசுகிறான். காளிதாசனின் துஷ்யந்தனும் இப்படித் திருத்தப்பட்டவனே. மகாபாரதத்தில் அவன் எல்லாம் நினைவிருந்தும் சகுந்தலையை அவையில் வைத்துத் தெரியாதென்று சொல்கிறான். காளிதாசன் துர்வாசரின் சாபத்தையும் மோதிரத்தையும் கொண்டுவந்து அவன் மறதிக்குக் காரணம் கற்பித்தான். மூலத்துக்கு விசுவாசம் என்ற ஒற்றை அளவுகோலை வைத்துக்கொண்டால் இவர்களையெல்லாம் நாம் என்ன செய்வது?

எனக்கு வேறோர் அளவுகோல் இருக்கிறது. செய்யப்பட்ட மாற்றம் அந்த நாடகம் எழுப்பும் கேள்வியிலிருந்து பார்வையாளரைத் தப்பவிடுகிறதா, இல்லை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறதா என்பதே அது.

இதை விளங்கிக்கொள்ள, பிரெஞ்சு நாடக ஆசிரியர் ஜான் அனூய் எழுதி 1944இல் ஜெர்மானியப் படைகளின் பிடியிலிருந்த பாரிஸில் மேடையேறிய ‘ஆன்டிகனி’யை நிதானமாகப் படிக்க வேண்டும். அதன் மூலமான பண்டைய கிரேக்க நாடகத்தை எழுதியவர் சோஃபக்ளீஸ். அரசன் கிரியோனின் தடையை மீறித் தன் அண்ணனின் உடலை அடக்கம் செய்யத் துணிந்த அவருடைய ஆன்டிகனிக்கு ஊன்றி நிற்க ஒரு தரை இருந்தது: இறந்தவர்களை அடக்கம் செய்வது தெய்வங்களின் எழுதாச் சட்டம், அரசாணை அதற்குக் கீழ்ப்பட்டது. அனூய் அந்தத் தரையை அவள் காலடியிலிருந்து எடுத்துவிடுகிறார். அவருடைய கிரியோன் முரடனல்லன். களைத்துப்போன, நியாயம் பேசத் தெரிந்த நிர்வாகி. அவளைக் காப்பாற்றவே விரும்புகிறான். உன் அண்ணன்மார் இருவருமே கயவர்கள் என்கிறான். இரண்டு உடல்களும் அடையாளம் தெரியாதபடி சிதைந்துகிடந்தன, ஓரளவு உருப்படியாக இருந்ததை எடுத்து அரச மரியாதையுடன் புதைக்கச் சொன்னேன், அது யாருடையது என்பது எனக்கே தெரியாது என்கிறான். ஆன்டிகனி தளர்ந்து, அறைக்குத் திரும்பிவிடுகிறேன் என்று சொல்லும் அளவுக்கு வந்துவிடுகிறாள். அப்போது அவன் இனி அவளுக்குக் காத்திருக்கும் எளிய மகிழ்ச்சியைப் பற்றிப் பேசப்போக, அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் மீண்டும் நிமிர்ந்து மறுக்கிறாள். தெய்வமும் இல்லை, அண்ணனின் நற்பெயரும் இல்லை, மறுப்பு மட்டும் மிஞ்சுகிறது. காரணங்கள் எல்லாம் உதிர்ந்த பிறகும் அதிகாரத்துக்கு இணங்க மறுப்பவளை நாம் என்னவென்று சொல்வது? பழைய நாடகம் கேட்டதைவிடக் கடினமான கேள்வி இது. டேட்டைப் போலவே அனூயும் துணிந்து மாற்றியவர்தான். ஆயினும் அவர் நம்மைத் தப்பவிடவில்லை.

மூல ஆசிரியரே திருத்தினாலும் இந்த அளவுகோல் மாறாது. 1879இல் வெளிவந்த இப்சனின் ‘பொம்மை வீடு’ ஜெர்மனிக்குப் போனபோது, பிள்ளைகளை விட்டுப் போகும் தாயாக நடிக்க மாட்டேன் என்று அங்கிருந்த முன்னணி நடிகை மறுத்தார். காப்புரிமைப் பாதுகாப்பு இல்லாத நிலையில் வேறு யாரேனும் முடிவை மாற்றிவிடுவார்களோ என்றஞ்சிய இப்சன் தாமே ஒரு மாற்று முடிவை எழுதிக் கொடுத்தார். அதில் நாயகி நோரா பிள்ளைகளின் அறை வாசலில் தளர்ந்து விழுகிறாள், வீட்டைவிட்டுப் போவதில்லை. தம் கையால் எழுதிய அதையே நாடகத்தின் மீதான காட்டுமிராண்டித்தனம் என்று அவர் பின்னர் கண்டித்தார்.

வெட்டிச் சுருக்குவதையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ‘ஹாம்லெட்’டை முழுமையாக நடித்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும் என்பதால் சுருக்காமல் முடியாது; அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கத்தரி பெரும்பாலும் முதலில் பாய்வது ஃபோர்டின்பிராஸ் மீதுதான். சில காட்சிகளில் மட்டுமே வரும் அண்டை நாட்டு இளவரசன்தானே என்று அவனை எடுத்துவிட்டால், அரண்மனைக்குள் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த வேளையில் நாடே அயலான் கைக்குப் போய்விட்டது என்ற செய்தியும் அவனோடு போய்விடுகிறது. எஞ்சுவது ஒரு குடும்பத்தின் பழிவாங்கல் கதை. அதையும் நல்ல நாடகமாக்கலாம்தான்; ஆனால் இயக்குநர் அதைத் தெரிந்தே செய்ய வேண்டும், பார்க்க வருகிறவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.

பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது ‘அமலாதித்யன்’ என்று பெயரிட்டார். ‘மக்பெத்’ ‘மகபதி’ ஆனது. தலைப்பிலேயே தழுவல் என்பது வெளிப்படையாக நின்றது. இன்று பாதிக்கு மேல் மாற்றி எழுதிய பிரதிக்கும் பழைய தலைப்பையும் பழைய ஆசிரியர் பெயரையும் மட்டும் போட்டு விளம்பரம் செய்யும் வழக்கத்தை விட்டுவிட்டு, மாற்றி எழுதியவரின் பெயரையும் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும் என்று கேட்கிறேன். அப்போதுதான் மேடையில் பிடிக்காத ஒன்றைக் கண்டால் அதற்கு ஷேக்ஸ்பியரைக் கேட்பதா, மாற்றியவரைக் கேட்பதா என்பது பார்வையாளருக்குத் தெரியும்.