குதோவும் கிருபையும்

"அவர்கள் புண்ணியம் சேர்க்கிறார்கள், நாமோ கிருபையால் இரட்சிக்கப்பட்டவர்கள்." மியான்மரின் யாங்கோன் தமிழ்ச் சபைகளில் பௌத்தர்களைப் பற்றி இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் மனசு உறுத்துகிறது. உபதேசத்தில் பிழை இல்லை. "இது கிரியைகளினால் உண்டானதல்ல" என்று எபேசியர் 2:9 தெளிவாகச் சொல்கிறது, நானும் அதை முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் அதைச் சொல்கிற தொனியில் அக்கம்பக்கத்தாரைப் பற்றிய இளக்காரம் இருக்கிறது. சொல்லிவிட்டு நாம் செய்யாமல் விடுவதும் நிறைய இருக்கிறது.

விடியற்காலையில் பிக்குகள் வரிசையாக வரும்போது சோற்றோடு வாசலில் நிற்கிற பர்மியப் பாட்டிக்கு அது குதோ, அதாவது புண்ணியம். வழிப்போக்கர் குடிக்கத் தெருவோரம் தண்ணீர்ப் பானை வைப்பதும், தண்ணீர்த் திருவிழாவில் வருவோர் போவோர் எல்லாருக்கும் சோறு போடுவதும் அப்படித்தான். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மாண்டலேயும் சகாயிங்கும் இடிந்து கிடந்தபோது, அரிசியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு போன எத்தனையோ பேர் யாருடைய மதத்தையும் கேட்கவில்லை. பலன் தேடிச் செய்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பலனெல்லாம் சிலுவையிலேயே கிடைத்துவிட்டது என்று சொல்லுகிற நாம் அவர்களைவிடத் தாராளமாக அல்லவா கொடுக்க வேண்டும்? நமக்குக் கணக்கு வைக்கிற பயம்கூட இல்லையே!

விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறோம் என்று எழுதிய பவுலும், கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று எழுதிய யாக்கோபும் முரண்படுகிறார்கள் என்று வாதாடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு பேரும் ஆபிரகாமைக் காட்டுகிறார்கள், எந்த இடத்தில் காட்டுகிறார்கள் என்று பாருங்கள். ரோமர் 4-ல் பவுல் எடுப்பது ஆதியாகமம் 15. அப்போது ஈசாக்கு பிறக்கவில்லை, விருத்தசேதனமும் இல்லை, வானத்து நட்சத்திரங்களைக் காட்டிச் சொன்ன வாக்குறுதி மட்டுமே இருந்தது. ஆபிரகாம் விசுவாசித்தார், அது நீதியாக எண்ணப்பட்டது. யாக்கோபு போவது ஆதியாகமம் 22-க்கு. பிறந்து வளர்ந்த பிள்ளை பலிபீடத்தின்மேல் கிடக்கிறான். இரண்டுக்கும் நடுவே பல வருஷங்கள். தேவன் ஒரு மனிதனை எதைக்கொண்டு ஏற்றுக்கொள்கிறார் என்பது பவுலின் கேள்வி. அப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டவனுடைய விசுவாசத்துக்கு உயிர் இருக்கிறதா என்பது யாக்கோபின் கேள்வி. பவுலுக்கு எதிரே நின்றவர்கள் யூதரல்லாத புறஜாதியார்மேல் மோசேயின் நியாயப்பிரமாணத்தைச் சுமத்தியவர்கள். யாக்கோபுக்கு எதிரே நின்றவர்களோ, உடுக்க வஸ்திரமும் சாப்பாடும் இல்லாத சகோதரனைப் பார்த்து "சமாதானத்தோடே போங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பியவர்கள். நாம் பவுலின் வசனத்தை வைத்துக்கொண்டு யாக்கோபின் எதிராளிகளாக வாழ்கிறோம். "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன" என்று யாக்கோபு எழுதியது நம்மைப் பார்த்துத்தான்.

புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1522-ல் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றார். லூத்தர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, இந்த இடத்தில் அவரோடு உடன்பட முடியவில்லை. 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் சேர்ந்து ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன: நம்முடைய தகுதியினால் அல்ல, கிருபையினாலேயே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், ஆவியானவர் நம்மை நற்கிரியைகளுக்கு அழைக்கிறார். 2006-ல் மெதடிஸ்டுகளும் இணைந்தார்கள். இங்கே நம் வீட்டுக் கல்யாணங்களில் கத்தோலிக்கச் சொந்தங்களும் நாமும் இன்னும் பதினாறாம் நூற்றாண்டுச் சண்டையையே போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கி இரட்சிக்கப்பட்ட கள்ளன் என்ன கிரியை செய்தான் என்று உடனே கேட்பார்கள். ஒன்றும் செய்யவில்லை, சரிதான். ஆனால் அவனுக்கு மிச்சமிருந்தது சில மணி நேரம். நமக்கு வருஷக்கணக்கில் கொடுக்கப்பட்டிருக்கிறது. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவைப் பாருங்கள். ஒரு காசு கொடுப்பதற்கு முன்பே இயேசு "உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றார். அது கிருபை. அதைப் பெற்றவன் தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கு என்று எழுந்து நின்றான். இந்த வரிசையைத் திருப்பிப்போட யாருக்கும் உரிமை இல்லை, இரண்டாவது பாதியை வெட்டிவிடவும் உரிமை இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கிரியையால் அல்ல என்று பிரசங்கிக்கிற அதே ஆலயத்தில் மின்விசிறிக்கும் பெஞ்சுக்கும் கொடுத்தவர் பெயரை எழுதி வைக்கிறோம். "ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு" என்ற வசனத்தின் கீழே உட்கார்ந்துகொண்டே அந்தப் பெயர்களை வாசிக்கிறோம். மூப்பர்மாருக்கு என் தாழ்மையான கோரிக்கை: இந்தக் கிறிஸ்துமஸுக்கு முன் அந்தப் பெயர்களை அழித்துவிடுவோம். அலங்காரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு அரிசி வாங்குவோம். நம் தெருவில் வேலையிழந்து கிடக்கிற குடும்பங்களுக்கு, பௌத்தரோ முஸ்லிமோ இந்துவோ, சபையின் பெயர் போடாத மூட்டையாகக் கொடுப்போம். யார் தயார் என்று இங்கேயே கீழே சொல்லுங்கள், முதல் மூட்டை என்னுடையது.